‘புட்ச் கேசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்’: இரண்டுபட்ட கருத்துகளுக்கு நடுவில் ஒரு படத்தைப் பார்ப்பதும் பேசுவதும் எப்படி

புட்ச், சன்டான்ஸ் என்ற இரண்டு கொள்ளைக்கார நண்பர்களின் கதையாக 1969-இல் வெளிவந்த ‘புட்ச் கேசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்’ என்ற அமெரிக்க கௌபாய் படத்தை நாலு பேர் சேர்ந்து பார்த்தால், படம் முடிந்து விளக்கைப் போட்டதும் இரண்டு கட்சி உருவாகிவிடும். இப்படி ஒரு நட்பைத் திரையில் பார்த்ததில்லை, நேரம் போனதே தெரியவில்லை என்பது ஒரு கட்சி. கொள்ளைக்காரர்களுக்கு அழகான முகத்தையும் வேடிக்கைப் பேச்சையும் கொடுத்து, நடுவில் ஒரு பாட்டையும் செருகி, கடைசியில் நம்மை வருத்தப்படச் சொல்கிறார்களே என்பது மற்றக் கட்சி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வழக்கு தீரவில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பெரும்பாலான வாதங்கள் படத்தை விட்டுவிட்டு, அது வாங்கிய விருதுகளைப் பற்றியோ, கௌபாய் படம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற முன்முடிவைப் பற்றியோ நடந்து முடிந்துவிடுகின்றன. அவ்வாறு ஆகாமல், காட்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்கும் பேசுவதற்கும் நான் கைக்கொண்டுவரும் முறையை இங்கே எழுதுகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசியாக வேண்டும் என்பதால், இதுவரை பார்க்காதவர்கள் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுப் படத்துக்குப் போய்விடுங்கள்.

முதல் தடவை பார்க்கும்போது எந்த விமர்சனத்தையும் படிக்காமல் பாருங்கள். படம் 110 நிமிடம். ஒரே மூச்சில் பார்க்கக்கூடியது. பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் போதும். அதில் ஒரே ஒரு குறிப்பைத்தான் எழுத வேண்டும்: சிரிப்பு வந்த இடங்களில், அது எத்தனையாவது நிமிடம் என்பது. வேறு எதையும் எழுதாதீர்கள். படம் முடிந்த பிறகு அந்தத் தாளில் கடைசியாக எழுதியிருக்கும் எண், உங்கள் கருத்து எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதை உங்களுக்கு முன்பே சொல்லிவிடும். படத்தின் இறுதி நிமிடம் வரை சிரித்தவர்களும் உண்டு. பாதியிலேயே எண்கள் நின்றுபோனவர்களும் உண்டு.

விமர்சனங்களை எப்படிப் பயன்படுத்துவது

படத்தைப் பார்த்த பிறகு, அது வெளிவந்தபோது என்ன சொன்னார்கள் என்று தேடிப் படிப்பது மிகவும் பயனுள்ளது. அமெரிக்க விமர்சகர்களில் பலர் அப்போது படத்தைப் பெரிதாக வரவேற்கவில்லை. ரோஜர் ஈபர்ட் இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார். கொள்ளையர் இருவரையும் ஒரு குழு துரத்தும் பகுதி நீண்டுகொண்டே போகிறது என்பது அவருடைய முக்கியமான குறை. பாலின் கேல் இன்னும் கடுமையாக எழுதினார். படத்தில் நாயகி எட்டா பேசும் ஒரு வசனத்திலிருந்தே தன் கட்டுரைக்குத் தலைப்பை எடுத்து, அதையே படத்தின் மீது திருப்பினார். மக்களோ வேறு முடிவு எடுத்தார்கள். அந்த ஆண்டு வெளிவந்த படங்களில் அமெரிக்காவில் அதிகம் வசூலித்தது இதுதான். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் திரைக்கதை, ஒளிப்பதிவு, பின்னணி இசை, பாடல் ஆகிய நான்குக்கு விருது கிடைத்தது. சிறந்த படத்துக்கான விருது வேறொரு படத்துக்குப் போயிற்று.

இந்தச் செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள்; ஆனால் வாதத்தில் ஆயுதமாக எடுக்காதீர்கள். இத்தனை விருது வாங்கிய படத்தைக் குறை சொல்லலாமா என்று ஒருவர் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு பேச்சு வளராது. ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது செய்ய வேண்டியது இதுதான்: எழுதியவரின் முடிவை மறைத்துவிட்டு, அவர் எந்தக் காட்சியைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஈபர்டின் கருத்துக்கு அடியில் துரத்தல் காட்சி இருக்கிறது; கேலின் கருத்துக்கு அடியில் வசனங்கள் இருக்கின்றன. இப்படிக் குறித்துக்கொண்டே வந்தால், இந்தப் படத்தைப் பற்றிய சண்டை முழுவதும் நாலைந்து காட்சிகளைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது தெரியவரும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்தக் காட்சிகளில் மட்டும் நின்று நிதானித்தால் போதும்.

சைக்கிள் பாட்டு

எல்லாச் சண்டைக்கும் முதற்காரணம் இந்தப் பாட்டுத்தான். பர்ட் பாக்கராக் இசையமைத்து, ஹால் டேவிட் எழுதி, பி. ஜே. தாமஸ் பாடிய பாட்டு அது. தலையில் மழைத்துளி விழுந்துகொண்டே இருக்கிறது என்று பாட்டு சொல்கிறது. திரையில் பளீரென்று வெயில். கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் சமயத்தில். பாட்டோ 1969-ஆம் ஆண்டு வானொலியில் ஒலித்த மெட்டு. சன்டான்ஸாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்டே, மழை இல்லாத இடத்தில் மழைப் பாட்டு எதற்கு என்று தனக்கு அப்போது புரியவில்லை எனப் பிற்பாடு பேட்டியில் கூறியிருக்கிறார். தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. கதையை நிறுத்திவைத்துவிட்டுப் பாட்டு வருவது நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். அதனால் அங்கே ஒரு சிக்கல் இருப்பதையே நாம் கவனிக்காமல் கடந்துவிடுவோம். துப்பாக்கியும் தூசியுமாக வளர்ந்த ஒரு படவகையில் திடீரென்று சைக்கிளும் மெல்லிசையும் வந்து நின்றபோது அன்றைய பார்வையாளர் எவ்வளவு திகைத்திருப்பார் என்பதை நாம் கொஞ்சம் முயன்றுதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. இந்தக் காட்சியை முதலில் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். புட்ச்சாக நடித்த பால் நியூமன் சைக்கிளை ஓட்டிவருகிறார். எட்டாவாக நடித்த கேத்தரின் ராஸ் கைப்பிடியில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு அவர் இறங்கிப்போய் வேடிக்கை பார்க்க, நியூமன் வித்தை காட்டுகிறார், பின்னோக்கி உட்கார்ந்து ஓட்டி, வேலியை உடைத்துக்கொண்டு போய் விழுகிறார், காளை துரத்துகிறது. ஒலியில்லாமல் பார்க்கும்போது பாட்டு மறைத்துவைத்திருந்த ஒன்று கண்ணில் படும். எட்டா, சன்டான்ஸின் காதலி. அந்தக் காலை வேளையில் சன்டான்ஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறான். நண்பனின் காதலியை அவன் விழிப்பதற்குள் வெளியே அழைத்துவந்து சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறான் புட்ச். பாட்டு முடிந்ததும், நாம் இருவரும் முதலில் சந்தித்திருந்தால் நாம்தான் சேர்ந்திருப்போமோ என்று அவள் கேட்கிறாள். அவன் அதற்கும் ஒரு வேடிக்கையான பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். இனி ஒலியோடு இன்னொரு முறை பாருங்கள். பாட்டு அந்த ஏக்கத்தைத் தாங்கிப்பிடிக்கிறதா, பூசி மறைக்கிறதா என்பதே கேள்வி. தாங்கிப்பிடிக்கிறது என்பது என் எண்ணம். மறைக்கிறது என்று சொல்பவர், மழை இல்லையே என்பதோடு நிறுத்திவிடாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிள் அந்தப் பாட்டுக்காக மட்டும் வந்ததன்று என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பே, கொள்ளையரைப் பிடிக்கப் படை சேர்க்க ஊர் மார்ஷல் மக்களைக் கூட்டிவைத்துக் கெஞ்சும் காட்சி வருகிறது. ஒருவரும் முன்வரவில்லை. கூடிய கூட்டம் வீணாகப் போகக் கூடாது என்று ஒரு வியாபாரி எழுந்து சைக்கிள் விற்கத் தொடங்கிவிடுகிறான். குதிரையின் காலம் முடிந்தது என்கிறான். புட்ச்சும் சன்டான்ஸும் மேலே உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்களுடைய காலம் முடிவதைத்தான் தாங்கள் ரசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாட்டை விட்டுக் கிளம்பும்போது புட்ச் அந்தச் சைக்கிளைத் தள்ளிவிடுகிறான். அது ஓடிப்போய்க் கவிழ்கிறது. இந்த மூன்று இடங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், பாட்டு ஒட்டவில்லை என்பவர்களும் சைக்கிள் ஒட்டுகிறது என்று ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

துரத்தல்

இரண்டாவது ரயில் கொள்ளையில் இரும்புப் பெட்டியைத் திறக்கவேண்டி டைனமைட்டை அளவுக்கு மீறி வைத்துவிடுகிறார்கள். பெட்டியோடு ரயில் பெட்டியும் சிதறிப் பணம் காற்றில் பறக்கிறது. எல்லோரும் ஓடி ஓடிப் பொறுக்குகிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு ரயில் வந்து நிற்கிறது. அதன் கதவு திறந்து, குதிரைகள் மேல் சில மனிதர்கள் வெளியே பாய்கிறார்கள். அதன் பிறகு படத்தின் கணிசமான பகுதி துரத்தல்தான்.

இங்கே வேகமாக ஓட்டிப் பார்க்கக் கூடாது. இது நீளம் என்று குறை சொன்னவர்கள் அதை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். ஓட்டிவிட்டுச் சொல்ல நமக்கு உரிமையில்லை. துரத்துபவர்களின் முகத்தைக் கேமரா எங்கேயாவது அருகிலிருந்து காட்டுகிறதா என்று பாருங்கள். தூரத்தில் புள்ளிகளாக, இரவில் விளக்கு வெளிச்சமாக, வெள்ளைத் தொப்பியாக மட்டுமே அவர்கள் தெரிவார்கள். யார் இவர்கள் என்ற கேள்வியை இருவரும் மாறி மாறிக் கேட்கிறார்கள். முதல் தடவை அது வேடிக்கையாக இருக்கிறது. நாலாவது தடவை கேட்கும்போது பயம் வந்துவிடுகிறது. பின்னணி இசை இந்தப் படத்தில் மொத்தமாகவே மிகக் குறைவு என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தாளில் சிரிப்பு எண்கள் இந்தப் பகுதியில் எப்படி இடைவெளி விட்டுப்போகின்றன என்று பாருங்கள். மலையுச்சியிலிருந்து ஆற்றில் குதிப்பதற்கு முன்னால், தனக்கு நீச்சல் தெரியாது என்று சன்டான்ஸ் கத்தும் இடத்தில்தான் பலருக்கு அடுத்த எண் வருகிறது. அந்தச் சிரிப்பு அவ்வளவு பலமாக வருவதற்கு, அதற்கு முன்பு நம்மைக் களைக்கவைத்த அந்த நீளமே காரணம் என்பது என் துணிபு.

திரைக்கதையை எழுதிய வில்லியம் கோல்ட்மன் சொல்லியிருக்கும் ஒரு செய்தி இந்த வாதத்துக்கு உதவும். திரைக்கதையைப் படித்த ஒரு ஸ்டூடியோத் தலைவர், நாயகர்கள் தென் அமெரிக்காவுக்கு ஓடிப்போவதை மாற்றினால்தான் வாங்குவேன் என்றாராம். உண்மையிலேயே அவர்கள் ஓடினார்களே என்றதற்கு, கௌபாய் படங்களின் பெரிய நாயகனான ஜான் வெய்ன் ஓடமாட்டார் என்பதுதான் தனக்குத் தெரியும் என்று பதில் வந்ததாம். எதிர்த்து நிற்பதே வீரம் என்று வளர்ந்த படவகையில், ஓடுவதையே நடுப்பகுதியாக வைத்தார்கள். பிடிக்கவில்லை என்பவருக்குப் பிடிக்காதது நீளமா, நாயகர்கள் ஓடுவதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு.

கொள்ளைக்காரர்களைப் புகழ்கிறதா

இது மிகவும் கனமான குற்றச்சாட்டு. இதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. பின்வருவது பெரும்பாலும் உண்மை என்று படமே தொடக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. ஆகவே உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையைப் படமே நமக்குக் கொடுத்துவிடுகிறது.

புட்ச்சின் இயற்பெயர் ராபர்ட் லிராய் பார்க்கர். 1866-இல் யூட்டாவில் பிறந்தவர். சன்டான்ஸ் கிட்டின் பெயர் ஹாரி லாங்கபா, பென்சில்வேனியாக்காரர். 1899 ஜூன் 2 அன்று வயோமிங்கில் வில்காக்ஸ் என்ற இடத்தில் அவர்களுடைய கூட்டம் ரயிலைக் கொள்ளையடித்தது. அடுத்த ஆண்டு டிப்டனில் மீண்டும் ஒரு ரயில். இரண்டு ரயிலிலும் பணப்பெட்டிக்குக் காவலிருந்தவர் ஒருவரே; அவர் பெயர் வுட்காக். படத்தில் மிகவும் சிரிக்கவைக்கும் அந்தத் தற்செயல், எழுத்தாளரின் கற்பனையன்று. ஆனால் வில்காக்ஸ் கொள்ளைக்குப் பிறகு துரத்திச் சென்ற ஷெரிஃப் ஜோசையா ஹேசன், அக்கூட்டத்தாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் படத்தில் இல்லை. வுட்காக்கை எடுத்துக்கொண்டு ஹேசனை விட்டுவிட்டார்கள் என்ற ஒரு வாக்கியத்தில் எதிர்த்தரப்பின் முழு வழக்கும் அடங்கிவிடுகிறது. படத்தை நேசிக்கும் நான் இதை மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன்.

அதற்குப் பதில் இருக்குமானால், அது பொலிவியாவில் வரும் ஒரு காட்சியில்தான் இருக்க வேண்டும். இருவரும் திருந்தி, சுரங்கத்தின் சம்பளப் பணத்துக்குக் காவலாளிகளாக வேலைக்குச் சேர்கிறார்கள். முதல் நாளே அவர்களைக் கூட்டிவந்தவரைக் கொள்ளையர் சுட்டுக்கொன்றுவிடுகிறார்கள். பிறகு அந்தக் கொள்ளையரை எதிரில் நிறுத்திப் பேசிப் பார்க்கிறார்கள், பேச்சு எடுபடவில்லை. தான் இதுவரை யாரையும் சுட்டதில்லை என்று அந்த நேரத்தில் புட்ச் சன்டான்ஸிடம் சொல்கிறான். தியேட்டரே சிரிக்கும் வசனம் அது. அடுத்த நொடியில் துப்பாக்கிகள் வெடிக்கின்றன; அந்த மனிதர்கள் ஸ்லோ மோஷனில், அலறலோடு சரிந்து விழுகிறார்கள். சுட்டு முடித்த புட்ச்சின் முகத்தை அப்போது பாருங்கள். இருவரும் நேர்வழிக்கு வந்த அன்றுதான் புட்ச் முதன்முதலாகக் கொலை செய்கிறான்.

இந்தக் காட்சி முடிந்ததும் படத்தை ஒரு நிமிடம் நிறுத்திவையுங்கள். குழுவாகப் பார்த்தால், யாரும் எதுவும் பேச வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். சிறிது முன்பு சிரித்தது ஞாபகத்துக்கு வந்து உறுத்துகிறதா, அல்லது அந்தச் சிரிப்பு சாவை லேசாக்கிவிட்டதா என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. லேசாகிவிட்டது என்று சொன்ன நண்பர் ஒருவர், அழுகிற முகத்தைக் காட்டியிருந்தால்கூட அவர்களை மன்னித்திருக்கமாட்டேன் என்றார். அன்று இரவு வெகுநேரம் பேசியும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் இருவரும் ஒரே காட்சியைப் பற்றித்தான் பேசினோம் என்பதால் அந்தப் பேச்சு வீணாகவில்லை.

இதே 1969-இல்தான் சாம் பெக்கின்பாவின் ‘த வைல்ட் பஞ்ச்’ வந்தது. உண்மையில் புட்ச்சின் கூட்டத்துக்கு வழங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று. ஆனால் இந்தப் படத்தில் அது ஹோல் இன் த வால் கூட்டமாகவே வருகிறது. அந்தப் படத்தில் ரத்தம் ஆறாக ஓடும். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்க்க முடிந்தால் பாருங்கள். சாவை எவ்வளவு காட்டினால் உண்மையாகும் என்ற கேள்விக்கு அந்த ஆண்டிலேயே இரண்டு விடைகள் இருந்தன.

எட்டா

1969-இல் அதிகம் பேசப்படாத, இன்று பேசாமல் இருக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. இரவில் வீட்டுக்கு வரும் எட்டாவை, இருட்டில் உட்கார்ந்திருக்கும் சன்டான்ஸ் துப்பாக்கி முனையில் உடையைக் களையச் சொல்கிறான். ஒரு கொடுமை நடக்கப்போகிறது என்று நாம் பதறிக்கொண்டிருக்கும்போது, நேரத்துக்கு வரக் கூடாதா என்று அவள் கேட்கிறாள். காதலர்கள் என்று அப்போதுதான் தெரிகிறது. பழைய பார்வையாளர்களில் பலர் இதை நல்ல திருப்பம் என்று சிரித்தார்கள். பெண்கள் பலருக்கு இந்தச் சிரிப்பு வருவதில்லை. முன்னால் வந்த பதற்றம் அவர்களை விட்டுப் போவதில்லை. குழுவில் பேசும்போது இதைக் காலம் மாறிவிட்டது என்று சொல்லி மூடிவிடாதீர்கள். பெண்களை முதலில் பேசவிடுங்கள். நம்மைப் பயமுறுத்திப் பெற்ற சிரிப்பு இது என்பதை நானும் குறையாகவே கருதுகிறேன். எனினும் எட்டாவை வெறும் அலங்காரம் என்று சொல்பவர்கள், பொலிவியாவில் அவள் ஸ்பானிய மொழி கற்றுக்கொடுப்பதையும், அவர்கள் சாவதைப் பார்க்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவைத்து, அந்த நாள் நெருங்குவதை அவர்களுக்கு முன்னால் உணர்ந்து ஊருக்குக் கிளம்புவதையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். மூவரில் படம் எந்த இடத்தில் முடியப்போகிறது என்று தெரிந்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

குழுவில் பேசும்போது

நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றே. பிடித்தது, பிடிக்கவில்லை என்ற சொல்லை யார் சொன்னாலும், அதே மூச்சில் ஒரு காட்சியைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். பிடிக்காதவர்கள் முதலில் பேச வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான கூட்டத்தில் இந்தப் படத்தை நேசிப்பவர்களே அதிகம் இருப்பார்கள், அவர்கள் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. நட்பு அருமை என்று யாராவது பொதுவாகச் சொன்னால், இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிய இடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். தேடிப் பார்ப்பார்கள், கிடைப்பது கடினம். கடைசி வரை குறை சொல்லிக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் இருக்கும் அந்த நட்பை எதை வைத்து நம்பினோம் என்று அதன் பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும்.

முடிவுக் காட்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 1908 நவம்பரில் சான் விசென்டே என்ற சுரங்க ஊரில் அவர்களைச் சூழ்ந்ததாகக் கருதப்படுவது ஒரு சிறு காவல் பிரிவுதான். படத்திலோ ஒரு படையே கூரை மேல் வரிசையாக வந்து நிற்கிறது. உள்ளே இருவரும் காயத்தோடு துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டே அடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறார்கள். துரத்திவந்த அந்த வெள்ளைத் தொப்பிக்காரன் வெளியே இல்லை என்று தெரிந்ததும் புட்ச் ஆறுதலடைகிறான். அந்தப் படை நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு வெளியே ஓடிவருகிறார்கள். படம் அப்படியே உறைந்து, தொடக்கத்தில் இருந்த பழைய புகைப்படப் பழுப்பு நிறத்துக்கு மாறுகிறது.

பலர் இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், விளக்கையும் போடாதீர்கள். உருவம் உறைந்த பிறகும் ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது. சுடச் சொல்லும் கட்டளையும் வெடிச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கின்றன. எத்தனை முறை என்று மெதுவாக எண்ணுங்கள். அது முழுவதும் அடங்கியபின் தாளை எடுத்து, கடைசியாகச் சிரித்த நிமிடத்துக்குப் பக்கத்தில், இப்போது தோன்றுவதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களுடைய தாளைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.